மூலத்தில் உள்ளது உள்ளபடி

"மூலத்துலயே எரிச்சல்னுதான் இருக்கு, டாக்டர். நானா எதையும் சேர்க்கலை."

இதைத்தான் அவள் போனில் சொன்னாள். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். வெளியே மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது; மெதுவாகப் பேசினால் அந்தப் பக்கம் டாக்டரம்மாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த பிசியோதெரபி நிலையத்தின் காத்திருப்பு அறையில் இருந்த அத்தனை பேருக்கும் மணி அடித்த மாதிரி கேட்டது. ஒரு பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் 'இந்த வயசிலேயேவா...' என்பது போல் உச்சுக் கொட்டினாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மொழிபெயர்க்கிறவர்களுக்கு மூலம் என்றால், எதிலிருந்து மொழிபெயர்க்கிறார்களோ அந்த முதல் பிரதி. ஆஸ்பத்திரி மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மூலம், எரிச்சல், டாக்டர் என்று மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கு முதல் பிரதி ஞாபகத்துக்கு வரும்? அவள் போனை வைத்துவிட்டு, தரையில் இருந்த ஈரக் காலடித் தடங்களை மிகுந்த ஆர்வத்தோடு பார்க்க ஆரம்பித்தாள்.

"மேடம்..."

நிமிர்ந்தாள். முழங்காலில் பட்டை கட்டிய ஒருவன் எதிர் நாற்காலியிலிருந்து நொண்டிக்கொண்டே வந்து நின்றிருந்தான். கையில், நிலையத்தின் அலமாரியிலிருந்து எடுத்த ரப்பர் வளையம். நடுவில் ஓட்டை போட்டது.

"இதுல உட்காருங்க. சுகமா இருக்கும். எங்க மாமாவுக்கும் இருக்கு. வெட்கப்படாதீங்க."

கண்ணில் கேலி இருந்திருந்தால் அவள் பிய்த்து உதறியிருப்பாள். கேலி இல்லை. மழையில் நனைந்து வந்திருந்தான். இமை ஓரத்தில் இன்னும் ஈரம்... அந்தக் கண்களில் இருந்தது அப்பட்டமான இரக்கம். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐயா, அது என் மூலம் இல்லை, கேள்வித்தாளின் மூலம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது. அவன் கக்கத்தில் இடுக்கியிருந்த கண்ணாடித்தாள் உறைக்குள் ஒரு தாள் கட்டு. மேலே ஆராய்ச்சிப் பிரிவின் முத்திரை. அதன் கீழே அவளே தட்டெழுதிய தலைப்பு.

போச்சு. அந்த ஆள் இவன்தானா?

விஷயம் இதுதான். ஒரு கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவருவது அவள் வேலை. அவள் தமிழை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி பழைய மொழிக்கே திருப்புவார். போனதும் திரும்பி வந்ததும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு உருப்படி. வேலை முடியும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் அறியக்கூடாது, பேசவும் கூடாது. கையெழுத்து வாங்கும்போதே, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா சொல்லியிருந்தார்: நீங்கள் இருவரும் கூடிப் பேசிவிட்டால் அது மொழிபெயர்ப்பு இல்லை, உடன்படிக்கை.

ஆகவே விளக்கம் சொல்ல வழியில்லை. சொன்னால் குட்டு உடைந்துவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்" என்று வளையத்தை வாங்கிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அவன் திருப்தியோடு தன் இடத்துக்குப் போனான்.

பயிற்சி முடிந்து வெளியே வந்த அப்பா, வாக்கரை ஊன்றி நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

"என்னம்மா இது, டயர் மேல உட்கார்ந்திருக்கே?"

---

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் அகராதி. நிறையச் சொற்கள் தெரியும் என்பதால் வைத்ததா, இல்லை 'அகராதி பிடிச்சவ' என்று வையத்தான் வைத்ததா என்று அவள் விசாரித்ததில்லை. விசாரித்தால் இரண்டும்தான் என்று சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் உள்ளுக்குள் எவ்வளவு நொறுங்கிக் கிடக்கிறார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கான கேள்வித்தாள் அது. பல மொழிகளில் தயாராகிக்கொண்டிருந்தது. யாருடைய பதில்கள் கவலை தருகின்றனவோ, அந்த வீட்டுக்கு வாரத்தில் சில மணி நேரம் ஒரு நர்ஸ் வருவார். அந்த நேரம் பார்த்துக்கொள்கிறவருக்கு விடுதலை. தூங்கலாம், வெளியே போகலாம், சும்மா சுவரைப் பார்த்து உட்காரலாம்.

ஒன்பதாவது கேள்வியை அவள் கண்ணிமைக்காமல்தான் எழுதினாள். 'உங்கள் உறவினர் உங்களுக்குப் பாரமாக இருக்கிறார் என்று உணர்ந்தீர்களா?' எழுதி முடித்த கையோடு உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். பாத்ரூமுக்குப் போக வேண்டும். அவரைக் கட்டிலிலிருந்து நிமிர்த்தி, தோளைக் கொடுத்து, கூட்டிக்கொண்டு போய், கூட்டிக்கொண்டு வந்து... திரும்பி உட்கார்ந்தபோது அந்த வாக்கியத்தை இரண்டாம் முறை படிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்ததிலிருந்து இதுதான் வாழ்க்கை. அம்மா முன்பே போய்விட்டாள். அண்ணன் குடும்பத்தோடு வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். பாப்பா, எல்லாம் ஓகேதானே, இல்லேன்னா சொல்லு, இங்கே நல்ல ஹோம் ஒண்ணு இருக்கு என்பான். 'நான் பார்த்துக்கறேண்ணா' என்று அவள் வைத்துவிடுவாள். முதியோர் இல்லத்தைத்தான் அவன் ஹோம் என்பான். ஒரே ஒரு தடவை கஷ்டமாக இருக்கிறது என்று வாயைத் திறந்தாலும் போதும், அப்பாவைப் பெட்டி கட்டி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினாள். அதைவிட, பெற்ற அப்பாவைப் பாரம் என்று சொன்ன மகளாகிவிடுவோம் என்பது பெரிய பயம். பயத்துக்கு மேலே ஒரு மூடி போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

---

வாரம் ஒரு முறை அப்பாவுக்குப் பயிற்சி. அதே நாள், அதே நேரம் அவன் முழங்காலுக்கும். பூப்பந்து விளையாடி விழுந்தானாம். சினிமாவுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறவன். ஒரு வரிக்கு இத்தனை எழுத்துதான் என்று வெட்டி வெட்டி, பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால் 'ம்' என்பான். 'எப்படி இருக்கு முட்டி' என்றால் 'தேவலை'. அதற்கு மேல் இல்லை.

ஆனால் தாளில் அந்த ஆளே வேறு. டாக்டரம்மா பெயரை மறைத்து அனுப்பிய அவனுடைய குறிப்புகளைப் படித்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. 'எரிச்சல் இருந்ததா' என்று இவள் கோபத்தைப் பற்றிக் கேட்டால், 'உடம்பில் காந்தல் இருந்ததா' என்று திருப்பியிருந்தான். கீழே ஒரு கேள்வி வேறு: எங்கே என்று சொல்லவில்லையே, கண்ணா, வயிறா, வேறு இடமா? ஒன்பதாவதைச் சரியாகவே திருப்பிவிட்டு அடியில் எழுதியிருந்தான்: 'இதற்கு ஆமாம் சொல்லும் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. எழுதியவர் மனிதர்களோடு பேசுவதுண்டா?'

'மூலத்தில் உள்ளது உள்ளபடி. கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் வேலை' என்று அவள் பதில் எழுதினாள்.

'சேர்த்துவிட்டார். உயிரோடு சேர்க்கவில்லை' என்று வந்தது.

அவள் அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, பிறகு எடுத்து நீவி வைத்தாள். மறுநாள் காத்திருப்பு அறையில் அதே படுபாவி ரப்பர் வளையத்தைத் தயாராக எடுத்து அவள் நாற்காலியில் போட்டு வைத்திருந்தான். "தண்ணி நிறைய குடிங்க," என்றான் அக்கறையாக. வாரா வாரம் ஒரு மருத்துவம். ரொம்ப நேரம் உட்காராதீங்க. காரம் குறைங்க. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலி வராத குறை.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்தவுடன் சிரிப்பு நின்றது.

அப்பாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. "நேரத்துக்கு வர்றான்," என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே திரும்பும் என்று அவர் ஒப்பிப்பதை அவன் கன்னத்தில் கையூன்றிக் கேட்பான். கேட்டுக்கொண்டே அவளைப் பார்ப்பான். பார்த்துவிட்டுக் கூரையைப் பார்ப்பான். மழைக்கால வானம் மாதிரி, எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாத கண்கள்... அவள் புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் கேட்டே விட்டான். "எதிர்ல காபி நல்லா இருக்கும். வர்றீங்களா? அப்பா உள்ளேதானே இருக்கார்."

போக வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. "நடுவுல கூப்பிடுவார்," என்றாள்.

"சரி."

அடுத்த வாரமும் கேட்டான். அதே பதில், அதே சரி. அதற்கடுத்த வாரம் கேட்கவில்லை; காகிதக் கோப்பையில் வாங்கிக்கொண்டு வந்து, ஒரு சொல் பேசாமல் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதைக் குடிக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். சூட்டுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய்.

---

பிறகு கேள்வித்தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தார்கள். எரிச்சலுக்குப் பாதிப் பேர் வயிற்றைத் தடவிக் காட்டினார்கள். ஒன்பதாவதுக்கு எல்லோரும் ஒரே குரலில் 'ஒருபோதும் இல்லை'. ஒரு வீட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண், தூங்கியே பல நாளான கண்ணோடு தாளைப் பிடுங்கி எறிந்து, பெத்தவளைப் பாரமான்னா கேக்கறே என்று கதவைச் சாத்திவிட்டாளாம்.

டாக்டரம்மா கூட்டம் போட்டார். இந்தக் கேள்வி சரியாகாவிட்டால் தமிழை இந்தச் சுற்றில் விட்டுவிட வேண்டியதுதான் என்றார். எல்லோருக்கும் பூஜ்யம் வந்தால், தமிழ்க் குடும்பங்களுக்குக் கஷ்டமே இல்லை, நர்ஸே தேவையில்லை என்றுதான் மேலிடத்தில் எடுத்துக்கொள்வார்கள். இனி இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் நேரில் சந்திக்கலாம் என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு நொண்டியபடி வந்தவனைக் கை காட்டினார். "இவர்தான் உங்க எதிராளி."

அவன் அவளைப் பார்த்தான். மேஜை மேல் இருந்த தாளைப் பார்த்தான். 'மூலத்தில் உள்ளபடி' என்று ஓரத்தில் அவள் எழுதியிருந்ததைப் பார்த்தான். மூலம்... எரிச்சல்... டாக்டர்... ஒவ்வொன்றாக அவனுக்குள் விழுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் காது மடல் வரை சிவந்துபோய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

எரிச்சல் சுலபமாகத் தீர்ந்தது. 'சின்ன விஷயத்துக்கெல்லாம் சிடுசிடுவென்று விழுந்தீர்களா' என்று மாற்றிவிட்டார்கள். ஒன்பதாவதில் அவள் விடவில்லை. மூலத்தில் பாரம் என்றுதான் இருக்கிறது, இலேசாக்கினால் கேள்வியின் கூர் போய்விடும் என்று வாதாடினாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"இதே கேள்வியை உங்ககிட்ட கேட்டா?"

"ஒருபோதும் இல்லை," என்றாள். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டாள்.

அவன் நிமிர்ந்து அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தான். ஒன்பதாவதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான். வாயால் சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த வட்டம்தான் அவளைச் சுருக்கென்று தைத்தது.

கூட்டம் ஒரு முடிவுக்கும் வராமல் கலைந்தது. நடைவழியில் அவன் நின்றான்.

"முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"நான் தண்ணி குடிங்கன்னு சொன்னப்போ?"

"தெரியும். சொல்லியிருந்தா வேலை பாழாயிருக்கும்."

"சிரிச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வீட்டுக்குப் போய்," என்றாள்.

"வேலை பாழாகலை," என்றான் அவன். படியிறங்கிப் போய்விட்டான்.

---

அடுத்த வாரம் அவன் கடைசி வரிசையில், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரப்பர் வளையம் அலமாரியிலேயே கிடந்தது. வெறும் நாற்காலி இவ்வளவு கடினமாக இருக்கும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. இவனுக்கு என்ன இவ்வளவு வீம்பு என்று கறுவினாள். எனக்கு என்ன இவ்வளவு வலிக்கிறது என்றும் கூடவே கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்கென்று எல்லாம் கோணலாகவே நடந்தது. பயிற்சியாளர் தாமதமாக விட்டார். வெளியே கொட்டுகிற மழை. டாக்ஸிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். வாசல் படியில் பாதி இறங்கியதும் அப்பா நின்றுவிட்டார்.

வாக்கர் வேண்டாம் என்றார். கையையும் பிடிக்காதே என்றார். டாக்ஸி சொன்ன நேரத்துக்கு வரவில்லையாம். டைம் தப்பின வண்டியில் அவர் ஏறியதில்லையாம். அவள் கெஞ்சினாள். குடை காற்றில் மடங்கி மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கைப்பையில் போன் அலறியது, அண்ணன். எடுக்கப் போனதில் பை வழுக்கி விழுந்து, மருந்துச் சீட்டும் சில்லறையும் தண்ணீரில் ஓடின. ஹாரன் மறுபடி அடித்தது.

அவள் ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலைப்பா... என்னால முடியலை."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையையும் மீறி அழுகை வந்தது. முகத்தில் ஓடியதில் எது மழை, எது கண்ணீர் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கே தெம்பில்லை.

தலைக்கு மேலே மழை நின்றது. நிமிர்ந்தால், அவன் நின்றிருந்தான்; குடையை அவளுக்கு இல்லை, அப்பாவுக்குப் பிடித்திருந்தான். வேண்டாம் என்று அப்பா விசிறிய கை பட்டுக் குடை இவள் பக்கம் சாய்ந்திருந்தது. அவன் முற்றும் நனைந்துகொண்டிருந்தான்.

அப்பா கடுகடுவென்று மகளைப் பார்த்தார். "நான் பாரம்னுதானே அழறே? அழு. கனம்தான். கட்டில்லேர்ந்து தூக்கறவ நீ, உனக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு வாயைப் பொத்தறே?"

"ஐயோ, பாரம்னு நான் சொல்லவே இல்லைப்பா. உங்களை ஒண்ணுமே சொல்லலை. என்னால முடியலைன்னுதான்..."

நிறுத்தினாள். குடைக்காரனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாரம் என்றால் அப்பாவின் மேல் பழி. எந்தப் பிள்ளையும் வாயால் சொல்லாது. முடியலை என்றால் பழி யார்மேலும் இல்லை. அது தன்னைப் பற்றியது. எல்லா வீட்டிலும், அடுப்படியிலும் பாத்ரூம் வாசலிலும், யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

"முடியாதுன்னு கேட்கக் கூடாது," என்றான் அவன் அவசரமாக. "அது மறுக்கிறது. சண்டை மாதிரி ஆயிடும்."

"சும்மா முடியலைன்னாலும் ஆகாது. உடம்புக்கு முடியலையான்னு எடுத்துப்பாங்க. மாத்திரை பேரெல்லாம் சொல்வாங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "மனசுக்குள்ள சொல்லிக்கிறதைக் கேட்கணும். 'என்னால முடியலையேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டீங்களா?' அப்படி."

"எத்தனை நாள்னு பதில் வரும்."

"வரும்."

"டாக்ஸி போயிடுச்சு," என்றார் அப்பா.

போய்த்தான் விட்டது. வேறு வழியில்லாமல் மூவரும் எதிர்க் கடைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அப்பா நடுவில். அவர் கடைக்காரரிடம் கடை திறக்கும் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தபோது அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "சிரிச்சதுக்குக் கோபம் இல்லை. நான் மட்டும்தான் நிஜமா பேசிட்டிருந்தேனோன்னு தோணிடுச்சு. அதான்."

இல்லை, நானும்தான் என்று சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல நிமிர்ந்தாள். அப்பா இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

---

புதுக் கேள்வியோடு மறுபடி வீடுகளுக்குப் போனார்கள். டாக்டரம்மா போனில் சொன்னார். தாளைப் பிடுங்கி எறிந்தாளே, அந்தப் பெண் முதலில் கதவில் கையை வைத்துக்கொண்டே நின்றாளாம். கேள்வியைக் கேட்டதும் கை தானாக இறங்கியதாம். உள்ளே வந்து, உட்கார்ந்து, "தினமும்" என்றாளாம். அவள் வீட்டுக்கு நர்ஸ் போகிறார். தமிழ் தப்பித்தது, சபாஷ் என்றார் டாக்டரம்மா.

அவள் போனை வைத்துவிட்டு சமையலறையில் நின்றாள். முன்பின் தெரியாத ஒருத்தி சொல்லிவிட்டாள். கேள்வியை எழுதியவள் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, தனியா என்னால முடியலை. ஹோம் வேண்டாம். நீ வா."

திட்டப் போகிறான் என்று நினைத்தாள். அவன் குரல் கரகரத்தது. "நீதான் எப்பவும் பார்த்துக்கறேன்னு போனை வெச்சுடுவியே, பாப்பா. நான் வந்தா உனக்குப் பிடிக்காதோன்னு நினைச்சுட்டிருந்தேன். எனக்கு வேற என்ன சொல்லறதுன்னு தெரியாமதான் ஹோம் ஹோம்னு..."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனில் மூக்கை உறிஞ்சினார்கள். வார இறுதியில் அவன் பெட்டியோடு வந்து இறங்கினான். வேலையை இங்கிருந்தே பார்க்கலாமாம். ஒரு மாதம் அவன், ஒரு மாதம் அவள், பிறகு அண்ணியும் வருவாளாம். அப்பாவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்று அப்பா இரண்டு நாள் முறைத்தார். மூன்றாம் நாள் மகனுக்கும் கால அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார்.

---

பயிற்சி நாளன்று அண்ணனே காலையில் அப்பாவைக் கூட்டிப்போய்த் திரும்பிவிட்டான். வழக்கமாகப் போகும் மாலையில் அவளுக்கு நிலையத்தில் எந்த வேலையும் இல்லை. ஆனாலும் போனாள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஏதோ வாங்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, நேராகப் போய்த் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் இருந்தான். முழங்காலில் பட்டை இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

ரிசப்ஷனில் இருந்த அக்கா கண்ணாடிக்கு மேலாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க அப்பா காலையிலேயே வந்துட்டுப் போயாச்சு. சார், உங்களுக்கு இனிமே வர வேண்டாம்னு போன வாரமே சொல்லியாச்சு. டோக்கன் இல்லாதவங்க எல்லாம் நாற்காலியைப் பிடிச்சு உட்கார்ந்தா, முடியாதவங்க எங்கே உட்கார்றது?"

இருவரும் குட்டுப்பட்ட பிள்ளைகள் மாதிரி எழுந்து வெளியே வந்தார்கள். வாசலில் மழை. தூறலாகத்தான்.

"முட்டி நல்லாயிடுச்சுன்னா எதுக்கு வந்தீங்க?" என்றாள். குரலில் சிடுசிடுப்பு தானாக வந்தது. அவளுக்குக் கூச்சம் வந்தால் அப்படித்தான் வரும்.

"நீங்க?"

எதற்கும் மூன்று சொல் கைவசம் வைத்திருப்பவள் மூன்றையும் ஒதுக்கினாள். மழையைப் பார்த்தாள். சரி, உள்ளது உள்ளபடி சொல்லித் தொலைப்போம்.

"உங்களைப் பார்க்கத்தான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எப்பலேர்ந்துன்னு கேட்காதீங்க, அந்த டயரைக் கொண்டுவந்து நீட்டினீங்களே, அப்பவே பிடிச்சிருக்கணும், ஆனா அப்போ கொல்லணும்னுதான் இருந்தது. அப்பாவை விட்டுட்டு எங்கேயும் வர மாட்டேன். என் மாசம் வந்தா ராத்திரி தூக்கம் இருக்காது, எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவேன். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, யோசிச்சுப் பதில் சொல்லுங்க. அவசரம் இல்லை."

அவன் அவளையே பார்த்தான். அந்தக் கண்களில் இரக்கம் இல்லை இன்றைக்கு. வேறொன்று இருந்தது, அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு," என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தவன் நிற்கவில்லை. முட்டி சரியாகிவிட்டது என்று பயிற்சியாளர் சொன்னபோது இன்னும் வலிக்கிறது என்று பொய் சொல்லிப் பார்த்ததை, அன்றைக்குப் படியில் அவள் அழுதபோது குடையை அவளுக்குப் பிடித்தால் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்றுதான் அப்பாவுக்குப் பிடித்ததை, ராத்திரியில் எழுந்து அப்பாவைத் தூக்க இன்னொரு தோள் இருந்தால் அவள் தூங்குவாளே என்று வீட்டில் தனியாக உட்கார்ந்து நினைத்ததை, அம்மாவிடம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து ஒவ்வொரு நாளும் வேறு எதையோ சொல்லி முடித்ததை... வாக்கியம் எங்கே தொடங்கியது, எங்கே முடியப்போகிறது என்று அவனுக்கே தெரியாமல், சொன்னதையே திருப்பிச் சொல்லி, எழுவாயைத் தொலைத்து, காலத்தைக் குழப்பி, மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே போனான். உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

அகராதி என்று பெயர் வாங்கியவள் அதில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.